பின் இல்லாத பத்து நிமிடம்

பவுலிங் லீக் ஆட்டம் தொடங்கும் முன் ஒவ்வோர் அணிக்கும் பத்து நிமிடம் கொடுப்பார்கள். அந்த நேரத்தில், பந்து ஓடும் லேனின் கடைசியில், பந்து பட்டு விழவேண்டிய பத்துக் கட்டைகளை, அதாவது பின்களை, நிறுத்த மாட்டார்கள். எண்ணெய் பூசிய நீண்ட மரத்தரை மட்டும் இருக்கும், அதன் முடிவில் இருட்டு. பந்தை உருட்டிக் கையையும் தோளையும் பழக்கிக்கொள்ளத்தான் அந்த நேரம். மற்றவர்கள் இரண்டு பந்து போட்டுவிட்டு செல்போனோடு உட்கார்ந்துவிடுவார்கள். விழுவதற்கு ஒன்றுமில்லாத இடத்தில் எறிந்து என்ன ஆகப்போகிறது என்று அவர்களுக்கு. திம்மராயன் மட்டும் எறிந்துகொண்டே இருப்பான்.

இடது கையால் எறிவான். அவனது வலது கையில் நடுவிரலும் மோதிர விரலும் பாதியோடு நின்றுவிட்டிருந்தன. பவுலிங் பந்தின் துளைகளில் கட்டைவிரலோடு நுழைய வேண்டியவை அந்த இரண்டும்தான்.

பாகலூர் பக்கத்துக்காரன் அவன். கல்யாணமானதிலிருந்து மூக்கண்டப்பள்ளியில் வாடகை வீடு. மனைவி அருணா ரோஜாப் பண்ணையொன்றில் பூக்களைத் தரம் பிரித்துக் கட்டும் வேலைக்குப் போகிறாள். அவன் ஓசூரில் கார் பாகங்கள் செய்யும் கம்பெனியில், மேலிருந்து இறங்கித் தகட்டை அழுத்தும் பிரஸ் இயந்திரத்தின் ஆபரேட்டர். சில வருடங்களுக்கு முன் கம்பெனியின் ஆண்டுவிழாவுக்காக எல்லோரையும் கர்நாடக எல்லைக்குள் அத்திப்பள்ளி தாண்டி ஒரு மாலுக்குக் கூட்டிப்போனார்கள். அங்கேதான் முதல்முறையாக அந்தப் பந்தைத் தொட்டான். மூன்றாவது எறியில் பத்துப் பின்னும் சாய்ந்தன. சூப்பர்வைசர் விஜயகுமார் ஓடிவந்து கட்டிப்பிடித்துக்கொண்டான். அந்த வருடமே கம்பெனிகளுக்கு இடையிலான லீக்கில் பெயர் கொடுத்து, விஜயகுமார் கேப்டனாக, ஐந்து பேர் கொண்ட அணி உருவானது. சனிக்கிழமை மதியம் கம்பெனி வேனில் போவார்கள். பட்டம் படித்த விஜயகுமாரும் பத்தாவதோடு நின்ற திம்மராயனும் வாடா போடா என்று பேசிக்கொண்டது அந்த வேனில்தான்.

விபத்து நடந்தது போன வருடம். பிரஸ்ஸுக்குள் கை நுழைந்தால் இயந்திரம் தானாக நின்றுவிட இருபுறமும் சென்சார் உண்டு. அன்று அது காரணமில்லாமல் அடிக்கடி நிறுத்திக்கொண்டிருந்தது. லாரி வாசலில் காத்திருந்தது.

"இத ஆஃப் பண்ணிட்டு ஓட்டுடா. லோடு போனதும் போட்டுக்கலாம்," என்றான் விஜயகுமார்.

திம்மராயன் ஆஃப் செய்தான். சாயங்காலத்துக்குள் விரல்கள் போய்விட்டன.

ஆஸ்பத்திரியில் விஜயகுமார் கட்டிலருகே நின்று அழுதான். தன் வேலை போய்விடும், இரண்டாவது குழந்தை பிறந்து மாதம்கூட ஆகவில்லை என்றான். விசாரணைக்கு வந்தவர்களிடம் திம்மராயன், "நானேதான் சென்சார ஆஃப் பண்ணேன், அவசரத்துல" என்று சொல்லிவிட்டான். வீட்டிலும் அதையேதான் சொன்னான். அவனை ஸ்டோருக்கு மாற்றினார்கள். தட்டுகளில் பாகங்களை அடுக்கித் தள்ளுவண்டியில் கொண்டுபோய்க் கொடுக்கும் வேலை.

இந்த வருடம் லீக் தொடங்கியபோது விஜயகுமார் வீட்டுக்கே வந்து கூப்பிட்டான். "இடது கையில போடுடா. நான் கத்துக்குடுக்கிறேன். நீ இல்லாத டீமு ஒரு டீமா?"

இடது கை மெல்லப் பழகியது. பின் இல்லாத அந்தப் பத்து நிமிடத்தில் பந்து தரையிலிருக்கும் அம்புக்குறியைத் தொட்டு, லேசாக வளைந்து, நடுவில் போய் மறையும். பார்ப்பவர்கள் கைதட்டுவார்கள். ஆனால் ஆட்டம் தொடங்கி, பின்கள் நின்று, முதல் பந்து போனதும், மேலிருந்து ஒரு இரும்புச் சட்டம் 'டக்'கென்று இறங்கி, விழுந்த பின்களை வாரிக்கொண்டு போகும். பயிற்சி நேரத்தில் அந்தச் சட்டம் இறங்காது. அது இறங்குவதைப் பார்த்த பிறகு, அடுத்த பந்தை எறியும்போது திம்மராயனின் கை பாதியிலேயே பின்னுக்கு இழுத்துக்கொள்ளும். பந்து நழுவி ஓரப் பள்ளத்தில் உருளும். அவன் எவ்வளவோ முயன்றான். கண்ணை வேறு பக்கம் திருப்பிக்கொண்டான். காதில் அந்தச் சத்தம் விழுந்தது.

மூன்றாவது ஆட்டத்தில் அவனால்தான் தோற்றார்கள். ஒன்பதாவது பந்தும் பள்ளத்தில் போனபோது, லேனைக் கவனித்துக்கொள்ளும் ஆள் பக்கத்தில் வந்து கன்னடத்தில் தணிந்த குரலில், "பின் பேடவா சார்? தெகெதுபிட்லா?" என்று கேட்டான். பின் வேண்டாமா, எடுத்துவிடட்டுமா என்று. பரிவோடுதான் கேட்டான். திம்மராயனுக்கு முகம் சுருங்கிவிட்டது. வேனில் விஜயகுமார் அவன் தோளில் கைபோட்டு, "விடு, அடுத்த வாரம் பாத்துக்கலாம்" என்றான். அந்தக் கையின் கனத்தை அவனால் தாங்க முடியவில்லை. எழுந்து கடைசி சீட்டுக்குப் போனான்.

வீட்டில் அருணா சோறு போட்டுவிட்டு எதிரே உட்கார்ந்தாள். அவன் கை தட்டிலேயே கிடந்தது.

"தோத்துட்டீங்களா?"

"உம்."

"அதுக்கா இப்பிடி உக்காந்துகினு இருக்கிற?"

அவன் அந்த இரும்புச் சட்டத்தைப் பற்றிச் சொன்னான். பேச்சு அங்கே நிற்கவில்லை. சென்சாரை ஆஃப் பண்ணச் சொன்னது யார் என்பதும் வந்துவிட்டது.

அருணா சோற்றுப் பானையை மூடினாள். பிறகு அவள் குரல் உடைந்தது. "ஒரு வருசமா ஒன்ன நான் திட்டாத நாளு இல்ல. கவனம் கெட்ட மனுசன்னு எங்கம்மாகிட்ட, பண்ணையில, எல்லார்கிட்டயும் சொன்னேன். அப்பக்கூட வாயத் தொறக்கலையே நீ. அந்தாளு நம்ம வூட்டுக்கு வந்தப்ப நான் காப்பி போட்டுக் குடுத்தேனே!"

"அவன் குடும்பம்..."

"நாம யாரு?"

அவள் அன்று சாப்பிடவில்லை.

திங்கட்கிழமை காலை திம்மராயன் பிரஸ் ஷாப்புக்குத் தட்டுகள் கொண்டுபோனான். அவனுடைய பழைய இயந்திரத்தில் இப்போது மாதேஸ்வரி வேலை செய்தாள். போச்சம்பள்ளி பக்கத்திலிருந்து வந்த ஒப்பந்தத் தொழிலாளி, சுறுசுறுப்பானவள். தட்டை இறக்கி வைத்தபோது சென்சாரின் பச்சை விளக்கு எரியாததைப் பார்த்தான். அவள் கை உள்ளே போய் வந்தது. இயந்திரம் இறங்கியது. மறுபடி கை உள்ளே போனது.

"சென்சார் என்னாச்சும்மா?"

"காலையிலருந்து மக்கர் பண்ணுதுண்ணா. சார்தான் ஆஃப் பண்ணிக்கச் சொன்னாரு. ஒரு மணி நேரம்தானாம்."

அவன் யோசிக்கவில்லை. கை நீண்டு சிவப்புப் பொத்தானை அழுத்தியது. இயந்திரம் அடங்கியது. பக்கத்து இயந்திரங்களில் இருந்தவர்கள் திரும்பினார்கள். விஜயகுமார் வேகமாக வந்தான்.

"திம்மா, என்ன பண்ற? எடு கைய!"

"சென்சாரப் போடு, எடுக்கிறேன்."

"மெயின்டனன்ஸ் ஆளு வந்துகினு இருக்கிறான்டா. பத்து நிமிசம்..."

"எனக்கும் அப்பிடித்தான் சொன்ன நீ."

அவன் சத்தம் போட்டுச் சொல்லவில்லை. ஆனால் சுற்றி நின்ற எல்லோருக்கும் கேட்டுவிட்டது. விஜயகுமாரின் முகத்தில் கோபம் வரவில்லை, பயம்தான் வந்தது. ஆஸ்பத்திரிக் கட்டிலருகே பார்த்த அதே முகம். ஒரு கணம் திம்மராயனுக்கு மனது இளகியது. ஆனாலும் பொத்தானைவிட்டுக் கையை எடுக்கவில்லை.

அன்று மதியம் பாதுகாப்பு அதிகாரியிடம் போய் இரண்டையும் சொன்னான். இன்றைக்கு நடந்ததையும், போன வருடம் தான் மறைத்ததையும். அவர், "அப்போ சொன்னது பொய்யா, இப்போ சொல்றது பொய்யா?" என்று கேட்டார். "அப்போ சொன்னது" என்றான். அவர் நம்பினாரா என்று தெரியவில்லை.

விஜயகுமாரைச் சில வாரம் வேலையிலிருந்து நிறுத்தி வைத்து, பிறகு வேறு ஊரிலிருக்கும் கிளைக்கு அனுப்பினார்கள். பொய்ச் சாட்சி சொன்னதற்காகத் திம்மராயன் மீதும் விசாரணை வந்தது. அது இன்னும் முடியவில்லை. கேன்டீனில் சிலர் அவனருகே உட்காருவதை விட்டார்கள். சிலர் முதுகில் தட்டிக்கொடுத்தார்கள். லீக்கில் மீதி ஆட்டங்களை மூன்று பேரோடு ஆடி அணி வெளியேறியது. அவனைக் கூப்பிடவுமில்லை, அவன் போகவுமில்லை. பிரஸ் ஷாப்பில் எல்லா இயந்திரங்களுக்கும் புது சென்சார் வந்தது. அதை நிறுத்த இப்போது சாவி வேண்டும், சாவி அதிகாரியிடம் இருக்கிறது.

மாதேஸ்வரிக்கு என்ன ஆகும் என்பதைத்தான் அவன் நினைத்துப் பார்த்திருக்கவில்லை. அந்த வாரக் கடைசியிலேயே ஒப்பந்தக்காரர் அவளை அங்கிருந்து எடுத்துவிட்டார். பிரச்சினை நடந்த இடத்தில் அவள் வேண்டாமாம். கம்பெனி வாசலில் அவனைப் பார்த்தபோது, "ஒங்கள யாருண்ணா கேட்டாங்க? எனக்கு வேல போச்சே" என்று சொல்லிவிட்டு நிற்காமல் போனாள். அதை அவன் அருணாவிடம் சொன்னபோது அவள் அவன் பக்கமும் பேசவில்லை, மாதேஸ்வரி பக்கமும் பேசவில்லை. "நாளைக்கு அவ ஊருக்குப் போய்ப் பாத்துட்டு வரலாமா?" என்று மட்டும் கேட்டாள். விலாசம் யாருக்கும் தெரியவில்லை.

மழைக்காலம் தொடங்கியபின் ஒரு மாலை, சிப்காட் தொழிற்பேட்டையிலிருந்து வரும் ஷேர் ஆட்டோவில் மாதேஸ்வரி உட்கார்ந்திருந்தாள். வேறு கம்பெனிச் சீருடை. அவனைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஆனால் நனைந்துகொண்டு நின்றவனுக்காகத் தள்ளி உட்கார்ந்து இடம் கொடுத்தாள்.

ஆட்டோ கிளம்பியது.

"இங்கயும் பிரஸ்ஸுதான்," என்றாள் வெளியே பார்த்தபடி. "மொத நாளே சென்சார் வேல செய்யுதான்னு கேட்டேன். வந்த அன்னிக்கே கேள்வியான்னு சிரிச்சாங்க."

"செய்யுதா?"

"செய்யுது. கைய வுட்டுப் பாத்துட்டுத்தான் உக்காந்தேன்."

திம்மராயன் தலையாட்டினான்.

"ஆனா ஒங்க மேல கோவம் போவலண்ணா."

"இருக்கட்டும்மா," என்றான் அவன்.

ஆட்டோ நெரிசலில் ஊர்ந்தது. மழை தார்ப்பாயின் மேல் தட்டிக்கொண்டிருந்தது. அவள் மடியில் டிபன் பாக்ஸ் இருந்தது, அதன் மேல் இரண்டு கைகளையும் வைத்துக்கொண்டு கண்ணை மூடித் தூங்கத் தொடங்கியிருந்தாள்.