செத்த பிறகு சொல்கிறவள்

தலைமையை அவள் கேட்டு வாங்கவில்லை. கொழுந்தன் கோபத்தில் தூக்கி எறிந்தது அவள் மடியில் வந்து விழுந்துவிட்டது.

போனில் சுட்டு விளையாடும் நாலு பேர் அணி அது. கொழுந்தன்தான் ஆரம்பித்தவன், சுடுவதில் கெட்டிக்காரன். மற்ற மூவரும் சட்டை தைக்கும் கூடத்தில் வேலை செய்கிறவர்கள். ஒருவர் துணி வெட்டும் மாஸ்டர், இன்னொருத்தி பொத்தான் துளைக்குக் காஜா எடுக்கும் அக்கா, மூன்றாவது அவள். தைத்து முடிந்த சட்டைகளைப் புரட்டிப் பார்த்துப் பழுது கண்டுபிடிப்பது அவள் வேலை. சாப்பாட்டு இடைவேளையில் துணிக்கட்டுகள் மேல் உட்கார்ந்து போனில் விளையாடப் பழகியவர்கள், இப்போது ஞாயிறு மதியம் அவரவர் வீட்டிலிருந்தே இயர்போனை மாட்டிக்கொண்டு கூடிவிடுகிறார்கள். ஒரு அணி குண்டு வைக்க வரும், இன்னொன்று தடுக்கும். செத்தவர் அடுத்த ரவுண்டு வரை வேடிக்கை பார்க்கலாம், பேசலாம், சுட முடியாது.

அவள் அடிக்கடி செத்தாள். அதனால் நிறைய வேடிக்கை பார்த்தாள். ரவுண்டு முடிந்ததும் மெல்லிய குரலில், யாரையும் நோகடிக்காமல், அக்கா புகைக்குண்டை நம் ஆள் தலையிலேயே போட்டதையும், கொழுந்தன் ஒரே மூலையில் ஒளிந்து அதே ஆளிடம் மறுபடியும் மாட்டியதையும் சொல்வாள். சொன்னதெல்லாம் சரியாக இருந்ததுதான் எரிச்சல். ஒரு நாள் கொழுந்தன் பொறுமை இழந்தான். "எல்லாந்தான் தெரியுதே அண்ணி, இனிமே நீங்களே நடத்துங்க. நான் வாயே தெறக்கல."

அன்றிலிருந்து தொடர்ந்து தோல்வி.

பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவள் அவள். யார் முகத்தையும் பார்த்து ஒன்று சொல்லாமலே இவ்வளவு காலம் ஓட்டிவிட்டாள். கூடத்திலும் அப்படித்தான். காலர் கோணலா, தையல் விட்டிருக்கிறதா, அந்த இடத்தில் சாக்பீஸால் ஒரு கோடு இழுத்துக் கூடையில் போட்டுவிடுவாள். கூடை தைத்தவரிடம் திரும்பிப் போகும். அவர் திட்டினாலும் அது அவள் காதில் விழாது. விளையாட்டிலும் அதே பழக்கம் வந்தது. எதிரி வரும் வழி தெரிந்தால் வரைபடத்தில் விரலால் தட்டிச் சிவப்புப் புள்ளி வைப்பாள். புள்ளி மின்னிக்கொண்டே இருக்கும். சண்டை நடுவில் வரைபடத்தை யார் பார்க்கிறார்கள்?

வாயால் சொல்ல வேண்டியதுதானே என்றால், சொல்லத்தான் செய்தாள். "மாஸ்டர், வந்து... அந்தப் பக்கம் ஏதோ சத்தம் கேக்குற மாதிரி..." என்று அவள் முடிப்பதற்குள் மாஸ்டர் விழுந்திருப்பார். எந்தப் பக்கம்டி, பக்கம் நாலு இருக்கே என்று காஜா அக்கா கேட்பாள். கேட்டபடியே அவளும் விழுவாள்.

இந்த நிலையில்தான் கொழுந்தன் சோற்றைப் பிசைந்துகொண்டே குண்டைப் போட்டான். செல்போன் கடைப் பையன்கள் அவனைத் தங்கள் அணிக்குக் கூப்பிடுகிறார்களாம். இந்த ஞாயிறு ஜெயித்தால் இங்கேயே இருப்பானாம், இல்லாவிட்டால் அங்கே. போனா போகட்டுமே, பொம்மைச் சண்டைதானே என்றார் கணவர், தட்டிலிருந்து தலை தூக்காமல். அவளுக்கு அது அப்படியில்லை. அவன் போனால் மாஸ்டர் ஞாயிற்றுக்கிழமை தூங்கப் போய்விடுவார், அக்காவும் கழன்றுகொள்வாள். வாரம் முழுக்க அவள் எதிர்பார்க்கிற ஒரே நேரம் அதோடு போச்சு.

அந்த வாரம் சட்டைகளைப் புரட்டியபடியே முணுமுணுத்துப் பழகினாள். சந்துக்குப் போங்க. படிக்கட்டுல ரெண்டு பேர். நில்லுங்க. யாரைடி போகச் சொல்ற என்று பக்கத்து மிஷினிலிருந்து அக்கா எட்டிப் பார்த்தாள்.

ஞாயிறு ஆட்டம் சமநிலையில் கடைசி ரவுண்டுக்கு வந்தது. எதிரணியின் தந்திரம் அவளுக்குப் பிடிபட்டிருந்தது. ஒருவன் படிக்கட்டில் தடதடவென்று ஓடிச் சத்தம் காட்டுவான், மற்றவர்கள் பின்சந்து வழியாக வருவார்கள். பழகி வைத்த சொல் நாக்கு நுனியில் இருந்தது.

"மாஸ்டர், தப்பா நெனச்சுக்காதீங்க, சந்துப் பக்கமும் கொஞ்சம்..."

"படியில சத்தம் கேக்குதும்மா. நான் பாத்துக்கறேன்."

மாஸ்டர் போனார். அவர் பின்னால் அக்கா. அவள் பல்லைக் கடித்துக்கொண்டு சந்தில் ஒரு சிவப்புப் புள்ளி வைத்தாள், தானே தனியாகப் போய் அங்கே நின்றாள். மூன்று பேர் வந்தார்கள். செத்து விழுந்த பிறகு அவள் குரல் கண்ணாடி மாதிரித் தெளிவாக வந்தது. சந்தில் மூன்று பேர், ஒருவன் பெட்டிக்குப் பின்னால், ஒருவனுக்கு நல்ல அடி. கொழுந்தன் இரண்டு பேரைச் சாய்த்தான். மூன்றாமவன் அவனைச் சாய்த்துக் குண்டும் வைத்துவிட்டான். ஆட்டம் போச்சு.

கொழுந்தன் அடுத்த அறையிலிருந்து வந்து வாசற்படியில் நின்றான்.

"சந்து வழியாத்தான் வருவாங்கன்னு மொதல்லயே தெரியுமா?"

"தெரியும்."

"அப்பறம் ஏன் சொல்லல?"

"புள்ளி வச்சேனே."

"நான் என்ன சட்டையா அண்ணி, கோடு போட்டுக் கூடையில எறிய?"

அவள் இயர்போனைக் கழற்றிச் சுருட்டினாள். அவன் போய்விட்டான், அணிப் பட்டியலிலிருந்து அவன் பெயரும் போனது. அன்று பாத்திரங்கள் அவள் கையில் பட்ட பாடு கொஞ்சமில்லை. அவன் மேல் கோபமா என்று கணவர் கேட்டதற்கு, இல்லை என்று மட்டும் சொன்னாள்.

அடுத்த ஞாயிறு மாஸ்டரும் அக்காவும் எப்படியோ வந்தார்கள். பழக்கதோஷம்தான். நாலாவது இடத்தில் முன்பின் தெரியாத யாரோ ஒருவரை விளையாட்டே தானாகச் சேர்த்துவிட்டது. ஆணா பெண்ணா, எந்த ஊர், ஒன்றும் தெரியாது. சுவருக்கு அந்தப் பக்கம் கொழுந்தன் புது அணியோடு கூத்தடிப்பது கேட்டது. தெரியாத ஆள் நேரே படிக்கட்டை நோக்கி ஓடினார்.

"படிக்கட்டு வேணாம். சந்துக்குப் போ. பெட்டிக்குப் பின்னால உக்காரு."

ஆள் மறுபேச்சில்லாமல் திரும்பி வந்து உட்கார்ந்தார். சந்தில் நுழைந்த இரண்டு எதிரிகளும் விழுந்தார்கள்.

யாருடி பேசினது என்றாள் அக்கா. முதலாளியம்மா லைனில் வந்துவிட்டாரோ என்று பயந்ததாக மாஸ்டர் சொன்னார். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை, பற்றிக்கொண்டுதான் வந்தது. முகம் தெரியாத யாரோ ஒருவருக்கு வாய் இப்படி வருகிறது. ஒரே வீட்டில் சோறு தின்கிறவனுக்கு ஏன் வரவில்லை? ஒரு வாரம் முன்னால் இந்தச் சனியன் பிடித்த வாய் எங்கே போயிருந்தது?

அப்போதுதான் மாஸ்டர் கிடங்குக் கதவைத் திறக்கப் போனார். கதவுக்கடியில் ஒரு நிழல் நகர்ந்தது.

"நில்லுங்க."

சொல் வந்தேவிட்டது.

"யாரு, நானாம்மா?" என்று மாஸ்டர் கேட்டார். கேட்டபடியே கதவைத் திறந்தார். ஒரே ஒரு வெடிச் சத்தம்.

"ஆமா, நீங்கதான்" என்றாள் அவள். குரல் உயர்ந்தது அவளுக்கே கேட்டது. "நில்லுன்னா நிக்கணும் மாஸ்டர். யாருன்னு அப்பறமா கேளுங்க."

செத்துக் கிடந்த மாஸ்டர் மெதுவாகத் தொண்டையைச் செருமினார். அந்த ரவுண்டு முடிந்து அடுத்தது தொடங்கிவிட்டது. அவசரத்தில் அவள் துப்பாக்கியை மாற்றி எடுத்துவிட்டாள். நாளைக் காலையில் மாஸ்டரின் வெட்டு மேசையைத் தாண்டித்தான் தன் இடத்துக்குப் போக வேண்டும் என்பது அதற்கப்புறம்தான் உறைத்தது.

"மாஸ்டர் கதவுப் பக்கம், அக்கா படிக்கட்டு" என்றாள். "போங்க."