சமையல்காரர் குர்வான் வெட்டிய குதிமுள்

பிரெத்தான் நாட்டு ரிவாலோன் பிரபுவின் கோட்டையில் முப்பத்தொரு வருஷம் அடுப்போடு கிடந்தவர் குர்வான். விலாங்கு மீனின் தோலை ஒரே இழுப்பில் உரிப்பதில் அவரை மிஞ்ச ஆளில்லை. இடது கை முழுக்கக் கொதிநெய் பட்ட தழும்பு. குதிரை ஏறத் தெரியாது. ஒருமுறை ஏறப்போய்ச் சாணக் குவியலில் விழுந்ததைக் கோட்டையே சொல்லிச் சொல்லிச் சிரிக்கும்.

அப்பேர்ப்பட்டவருக்கு வீரப்பட்டம் கட்டும் நாளில் ஒரு வேலை உண்டு. பெந்தகோஸ்தே திருநாளன்று புது வீரர்கள் குதிரையை முடுக்கும் தங்கக் குதிமுள்ளைக் குதிகாலில் பூட்டிக்கொண்டு ஆலயத்தை விட்டு வரும்போது, இறைச்சிக் கத்தியோடு வாசலை மறித்து நிற்க வேண்டும். "கொடுத்த வாக்கை மீறினால், இந்தக் கத்தியாலேயே உன் குதிமுள்ளை வெட்டிப் போடுவேன்." இதைக் கேட்காமல் வாசல் தாண்டினால் பட்டம் செல்லாது.

"முதல்ல கோழிக்கால ஒழுங்கா வெட்டும் ஓய்" என்று யாராவது கத்துவார்கள். சிரிப்பு அள்ளும். குர்வான் மட்டும் சிரித்ததில்லை.

ஒரு வருஷம் தவக்காலத்தில், பகைவர் பக்கத்துக் கிழட்டு வீரர் ஈவென், "உங்க உயிருக்கு நான் பொறுப்பு" என்று ரிவாலோனின் வீரன் மெரியடெக் கொடுத்த வாக்கை நம்பி வாளைக் கீழே வைத்தார். கோட்டைக்கு வந்து குர்வான் கையால் கஞ்சி வாங்கிக் குடித்தார். "உப்பு சரியா இருக்குப்பா" என்றார். மறுநாள் காலை, தன் குதிரைக்குத் தண்ணீர் காட்டக் குனிந்தவரை மெரியடெக் முதுகில் குத்தினான். அந்தக் குதிரை மேல் அவனுக்கு ஒரு கண். பார்த்தவர்கள் பத்துப் பேர், வாய் திறந்தவர் ஒருவருமில்லை. மெரியடெக் பிரபுவின் தங்கை மகன் ஆயிற்றே.

பெந்தகோஸ்தே வந்தது. புதிதாக மூன்று பேர். குர்வான் கத்தியோடு வாசலில் நின்றார். பேசவில்லை.

"சொல்லித் தொலையும், வாத்து கருகுது" என்றான் மெரியடெக்.

"கருகட்டும்" என்றவர் பிரபுவைப் பார்த்தார். "நாலு வருஷம் முன்னாடி இதே எடத்துல உங்க மருமகன்கிட்ட ஒண்ணு சொன்னேன், பிரபுவே. அதச் செய்யாம இவங்ககிட்ட எந்த வாயால சொல்றது?"

"தலை கழுத்துல இருக்கணுமா வேண்டாமா? அது வெறும் சடங்குய்யா" என்றார் பிரபு.

"அப்ப பட்டமும் சடங்குதானா, பிரபுவே?"

"கரண்டி பிடிக்கிறவன் என் காலத் தொடுவானா?" மெரியடெக் சிரித்தான். கூடச் சிரிக்க ஆளில்லை.

புதியவர்களில் நெட்டையாக இருந்தவன் குனிந்து தன் குதிமுள் வாரை அவிழ்க்கத் தொடங்கினான். "இவர் பேச்சு பொய்யின்னா இது எனக்கு வேண்டாம்." மற்ற இருவரும் குனிந்தார்கள்.

பிரபு அவிழும் வார்களைப் பார்த்தார். பிறகு, "மெரியடெக், காலை நீட்டு" என்றார்.

ஆட்டெலும்பு வெட்டும் கட்டை வந்தது. வலது குதிமுள் ஒரே வெட்டு. இடதுக்கு வார் தடிமன், இரண்டு வெட்டு. தங்கம் இரண்டும் சாணத்தில் கிடக்க, மெரியடெக் கால்நடையாகக் கோட்டை வாசலைத் தாண்டிப் போனான். ஈவெனின் குதிரை அன்றே அவர் மகள் வீட்டுக்குப் போயிற்று.

குர்வான் கத்தியை மேலங்கியில் துடைத்துக்கொண்டு மூவர் பக்கம் திரும்பினார். "கொடுத்த வாக்கை மீறினால்..." சொல்லி முடித்ததும் எழுந்த ஆரவாரத்தில் புறாக்கள் கூரையை விட்டுக் கிளம்பின.

வாத்து கருகித்தான் போயிருந்தது. பிரபு எலும்பு வரை சப்பிவிட்டு, இன்னொரு துண்டு கேட்டனுப்பினார்.