நேராக்கும் பொத்தான்

அவளுக்கு டிக்டிக் என்று பெயர் வைத்தது நாத்தனார். பெற்றவர்கள் வைத்த பெயர் இப்போது அரசாங்கத்துக்கு மட்டும்தான் ஞாபகம் இருக்கும். சும்மா உட்கார்ந்தால் தொடையில் தட்டுவாள், அடுப்படியில் கரண்டியால் தட்டுவாள், பஸ்ஸில் ஜன்னல் கம்பியைத் தட்டுவாள். ஜெராக்ஸ் கடையில் வேலை பார்த்தபோது மெஷின் தாள் தள்ளுகிற சத்தத்தோடு சேர்ந்து மேஜையைத் தட்டிக்கொண்டே இருப்பாளாம். "இங்க நகல் எடுக்கத்தான் சம்பளம், கச்சேரி பண்றதுக்கு இல்ல" என்று முதலாளி கத்தியதில் ரோஷம் வந்து வேலையை விட்டாள். நல்லதாகப் போயிற்று!

இப்போது அவள் தொழிலே தட்டுவதுதான். வீட்டின் பின்னறையில் ஒரு மேஜை, இரண்டு ஸ்பீக்கர், ஒரு சீக்வென்சர். உடற்பயிற்சி வகுப்புக்கு, கடை விளம்பரத்துக்கு, பள்ளிக்கூட அணிவகுப்புக்கு இசை செய்து கொடுப்பாள். சீக்வென்சர் என்றதும் மிரள வேண்டாம். வரிசையாகப் பதினாறு பொத்தான்கள். ஒவ்வொன்றும் ஒரு கட்டம். எந்தக் கட்டத்தில் எந்த ஒலி வரவேண்டும் என்று குறித்துவிட்டால், போதும் என்று சொல்லும்வரை அதையே சுற்றிச் சுற்றி வாசிக்க வைக்கும். தான் ஒரு துரும்பையும் அசைக்காமல் நாலு பேரை வேலை வாங்குகிற மாமா எல்லார் வீட்டிலும் உண்டே, அந்த ரகம். கையால் தட்டியது கொஞ்சம் முன்னே பின்னே விழுந்திருந்தால், இழுத்துக் கட்டத்தில் நிறுத்தவும் ஒரு பொத்தான் உண்டு. முழுக்கவும் இழுக்கலாம், ஒரு மயிரிழை மட்டும் இழுத்துவிடவும் செய்யலாம். நேராக்கும் பொத்தான் என்பாள் அதை. தட்டி முடித்தால் அவள் கை யாரையும் கேட்காமல் அதற்குப் போய்விடும்.

அவள் வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். ஊரில் உள்ள லிஃப்டையெல்லாம் ஓட வைத்த மனிதர் குடியிருந்ததோ லிஃப்டே இல்லாத கட்டடத்தின் மூன்றாவது மாடியில்! ஏணி சறுக்கி விழுந்து அவருடைய இடது கால் முறிந்தபோது நாற்காலியில் உட்காரவைத்துத்தான் மேலே தூக்கி வந்தார்கள். எலும்பு கூடிவிட்டது. ஆனால் மனிதர் கட்டிலை விட்டால் ஜன்னல், ஜன்னலை விட்டால் கட்டில். வலது கால் தைரியமாக விழும். இடது கால் யோசித்து யோசித்துத் தாமதமாக விழும்.

பயிற்சி கொடுக்க வந்த பிசியோதெரபிஸ்ட் பெண் ஒளிவுமறைவு இல்லாமல் சொல்லிவிட்டாள். "கால் தயாராயிடுச்சு, ஆளுதான் இன்னும் தயாராகல. இப்படியே பழகிட்டா இதுவே அவர் நடையாயிடும். அப்புறம் ஏணி, வேலை எல்லாத்தையும் மறந்துட வேண்டியதுதான். ஏதாவது தாளம் போட்டு அதுக்கு நடக்க வைங்களேன்."

தாளத்துக்கா பஞ்சம்? அன்றைக்கே கச்சிதமாக ஒன்று செய்து ஹெட்போனை அவர் தலையில் மாட்டினாள். நாலு எட்டு வைப்பதற்குள் தடுமாறிச் சுவரைப் பிடித்தார். "நான் என்ன பட்டாளத்துக்கா போறேன்? இதோட சேர்ந்து என்னால ஓட முடியாது."

சரி, அவர் காலடியையே தாளமாக்கினால் என்ன என்று தோன்றியது. தரையில் மைக்கை வைத்து அவர் நடப்பதைப் பதிவு செய்து, சீக்வென்சரில் ஏற்றிக் கொடுத்தாள். இன்னும் மோசம். ஹெட்போனைக் கழற்றிக் கட்டிலில் வீசினார். "யார் நடை இது? என் நடையா இது? என்னை விட்டுடு."

பின்னறையில் போய் உட்கார்ந்து போட்டுக் கேட்டாள். டக், டக், டக். ஒரு பிசிறு இல்லை. அடிப்பாவி! பதிவு முடிந்ததும் பழக்கதோஷத்தில் கை நேராக்கும் பொத்தானை அமுக்கியிருக்கிறது. அவர் பயம், தயக்கம் எல்லாவற்றையும் துடைத்துவிட்டு, இதோ உங்கள் நடை என்று நீட்டியிருக்கிறாள். வாய்விட்டு அழுதாள். அழுது முடித்து முகம் கழுவிவிட்டு, நேராக்கியதை நீக்கினாள்.

இந்தத் தடவை ஹெட்போன் மாட்டியதும் அவர் முகத்தில் ஒரு சிரிப்பு. "அட, இது நானேதான்." அடுப்படிவரை நடந்துபோய், தானே தண்ணீர் மொண்டு குடித்தார்.

அதற்குப் பிறகு அவள் திருட்டு வேலையில் இறங்கினாள். அவர் நடை படியப்படிய, தாளத்தை ஒரு மயிரிழை நேராக்குவாள். சொல்லமாட்டாள். அவருக்கும் தெரியாது. கூடம், வாசல், முதல் படிக்கட்டு என்று மனிதர் முன்னேறினார். ஒருநாள் படியில் கால் இடறி, கைப்பிடியில் தொங்கிக்கொண்டு நின்றார். தன் அவசரத்தால்தான் என்று தலையில் அடித்துக்கொண்டாள். இனி அந்தத் தாளத்தைத் தொடுவதில்லை என்று முடிவு செய்தாள். அப்படியே விட்டுவிட்டாள்.

"கொஞ்சம் தேறினாரே, அதுவே போதும் அண்ணி" என்று நாத்தனார் ஆறுதல் சொன்னாள். போதுமா? போதாது என்று அவளுக்குத் தெரியும். ஆனாலும் பொத்தானைத் தொட விரல் வரவில்லை. அவர் தினமும் ஹெட்போனை மாட்டிக்கொண்டு தனியாகக் கீழே இறங்குவார். திரும்பி வரும்வரை அவள் வேலை ஓடாது.

ஒரு காலையில் கீழே போனவர் சிடுசிடுவென்று மேலே வந்தார். ஹெட்போன் கழுத்தில் கிடந்தது.

"உன் மெஷினைக் கொஞ்சம் பாரு. ரிப்பேர்."

"என்னங்க ஆச்சு?"

"பாட்டு நொண்டுது."

"என்னது?"

"நொண்டுதுங்கறேன். எடது கால் வைக்கிற எடத்துல ஒவ்வொரு தடவையும் லேட்டா வருது. அது வர்றவரைக்கும் நான் காலைத் தூக்கிக்கிட்டு நிக்கணுமா? தெருவுல பாக்கறவன் சிரிக்க மாட்டானா? திங்கக்கிழமை வேலைக்கு வரேன்னு வேற சொல்லிட்டேன், அதுக்குள்ள சரி பண்ணிக் குடு."

ஹெட்போனை மேஜையில் வைத்துவிட்டு, தண்ணீர் குடிக்க அடுப்படிப் பக்கம் போனார்.

"இருங்க, இப்பவே நேராக்கிடறேன்" என்று பொத்தானில் விரலை வைத்தாள். கூடத்தில் அவர் நடந்துபோகும் சத்தம் கேட்டது. டக், டக், டக். கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது. பொத்தானை அமுக்க மறந்து அதையே கேட்டுக்கொண்டிருந்தாள்.