முனியாண்டிக்குப் போட்ட கணக்கு

பிரிக்பீல்ட்ஸ் மைதானத்தில் முனியாண்டி தடை ஓட்டத்தில் விழுந்தபோது பந்தலில் இருந்தவர்கள் அவனைப் பார்க்கவில்லை. என்னைத்தான் திரும்பிப் பார்த்தார்கள். அவன்தான் சாம்பியன் என்று ஒரு வாரமாக ஆபீஸ் முழுக்கச் சொல்லி வந்தவன் நான்.

கிள்ளான் பக்கம் பல ரப்பர் தோட்டங்கள் வைத்திருந்த ஒரு வெள்ளைக்காரக் கம்பெனியின் கோலாலம்பூர் ஆபீஸில் நான் புள்ளிவிவரக் கிராணி, அதாவது குமாஸ்தா. கம்பெனி விளையாட்டு விழாவில் ஐந்து போட்டிகளின் புள்ளிகளையும் கூட்டி ஒரே ஒருவருக்குக் கேடயம் கொடுப்பார்கள். பெரிய கிராணி பொன்னம்பலம், யாழ்ப்பாணத்துக்காரர், என்னைக் கூப்பிட்டார்.

"தம்பி, எப்பிடிப்பட்ட ஆள் சாம்பியனா வாறான் எண்டு துரை கேக்கிறார். பழைய முடிவுகளைப் பார்த்துச் சொல்லும்."

பார்த்தேன். குண்டு எறிதலில் முதலாவதாக வந்தவர்கள் மொத்தப் புள்ளியில் பின்தங்கியிருந்தார்கள். நீளம் தாண்டுவதில் நன்றாகச் செய்தவர்கள் ஓட்டத்திலும் தடை ஓட்டத்திலும் சேர்த்தே புள்ளி எடுத்திருந்தார்கள். எதிலும் முதலாவதாக வராமல், எதிலும் மோசமாகவும் போகாமல் கேடயம் வாங்கியவர்களும் உண்டு. தீபாவளி விடுமுறையில் கிள்ளானில் நடந்த தேர்வில் பால்மரம் வெட்டும், அதாவது ரப்பர் பால் எடுக்கும், முனியாண்டி இந்த மாதிரியில் அப்படியே பொருந்தினான். துரை என்னைத் தட்டிக்கொடுத்தார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

விழாவன்று அவன் கடைசியாக வந்தான். ஆபீஸ் கிராணி ஒருவருக்குக் கேடயம் போனது. "கணக்கு கவுந்துருச்சு லா" என்று பின்னால் யாரோ சொல்ல, பந்தலே சிரித்தது.

முனியாண்டி முழங்காலில் மண்ணோடு என்னிடம் வந்தான்.

"மன்னிச்சிருங்கய்யா. ஒங்க கணக்கக் கெடுத்துட்டேன்."

"ஒடம்புக்கு ஏதாவதா?"

"இல்லீங்க. விடியுமுன்ன மரம் வெட்டி, பால் வாளியத் தூக்கிக் கொடுத்துட்டுத்தான் லோரி ஏறுனோம். காலையில வேலைக்கு வராட்டி பேர் போட மாட்டாங்க, அன்னிக்குக் கூலி கெடையாது. அதான் காலு கொஞ்சம் தளந்து போச்சு."

அவன் மன்னிப்புக் கேட்டபடியே நின்றான். என்னால் நிமிர்ந்து அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. பந்தலில் கேட்ட சிரிப்பு இதன் முன்னால் ஒன்றுமே இல்லை.

திங்கட்கிழமை பழைய சாம்பியன்களின் பெயருக்குப் பக்கத்தில் ஒவ்வொருவரின் வேலையையும் எழுதிப் பார்த்தேன். எல்லாரும் மேசை வேலைக்காரர்கள். விழா நாளில் ஆபீஸுக்கு விடுமுறை, தோட்டத்துக்கு இல்லை. முனியாண்டி தேர்வில் நன்றாகச் செய்ததும் தீபாவளி விடுமுறையில்தான். ஓய்வெடுத்து வந்தவர்களின் கால்களை மட்டும் அளந்துவிட்டு, அதைத் திறமை என்று எழுதியிருக்கிறேன் என்று அப்போதுதான் உறைத்தது.

பொன்னம்பலத்திடம் காட்டினேன். "துரை கேட்டது உதில்லையே, தம்பி" என்றார். "தெரியுங்க. ஆனா இதுதான் பதில்" என்றேன். அவர் தாளை எடுத்துக்கொண்டு துரையின் அறைக்குப் போனார்.

அடுத்த வருடம் போட்டிக்கு வரும் தோட்டத்து ஆட்களுக்குச் சம்பளத்தோடு விடுப்புக் கிடைத்தது. முனியாண்டி மூன்றாவதாக வந்தான். முதல் வருடமும் ஓய்வோடு வந்திருந்தால் அவன் அதைவிட மேலே வந்திருப்பானா என்று எனக்குத் தெரியாது. இந்த முறை யாரிடமும் எதையும் முன்கூட்டிச் சொல்லவுமில்லை.

பிறகு நான் வேலை பார்த்த காலம் முழுக்க, இரண்டு பேரை ஒப்பிடச் சொன்னால், அன்று காலை அவர்கள் என்ன செய்துவிட்டு வந்தார்கள் என்றுதான் முதலில் விசாரித்தேன். புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகளும் அதைக் கேட்டுவிட்டுப் பேனாவை எடுக்கட்டும்.