கூடுதலாக ஒதுங்கியிருந்த நாள்கள்

தைராய்டு புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சை முடிந்த பிறகு எனக்குக் கதிரியக்க அயோடின் மருந்து கொடுத்தார்கள். என் உடம்பிலிருந்து வரும் கதிர்வீச்சு குழந்தையைப் பாதிக்கலாம் என்பதால், இரண்டு வயது மகள் யாழினியைச் சில நாள்கள் தூக்கவோ, பக்கத்தில் படுக்க வைக்கவோ கூடாது என்று டாக்டர் நாள் குறித்துச் சொன்னார். புதுச்சேரி ரெட்டியார்பாளையத்தில் எங்கள் வீட்டு மாடியில் தனியாக இருந்தேன். கீழே நாத்தனார் பானு அவளைப் பார்த்துக்கொண்டாள். யாழினி 'அம்மா, அம்மா' என்று மாடிப்படிக் கதவைத் தட்டும்போதெல்லாம் காதைப் பொத்திக்கொள்வேன்.

குறித்த நாள் முடிந்ததும் பானு வந்தாள். "அண்ணி, கீழ வாங்க. டாக்டர் சொன்ன நாளு முடிஞ்சிடுச்சில்ல."

"இன்னும் கொஞ்ச நாளு போவட்டும். அவரு சொன்னது பத்தலன்னா கொழந்தைக்குத்தான கேடு?"

"அப்ப நீங்களே டாக்டருக்குப் படிச்சிருக்கலாம்" என்று முணுமுணுத்துக்கொண்டே இறங்கிப் போனாள்.

டாக்டரிடம் போனில் கேட்டிருக்கலாம். கேட்காமலே மேலும் ஒரு மாதம் மாடியில் இருந்தேன். கதவு தட்டும் சத்தம் நின்றது. குழந்தை பழகிவிட்டாள் என்று நிம்மதியடைந்தேன்.

அடுத்த பரிசோதனையில் டாக்டர் கடிந்துகொண்டார். "உங்களுக்குக் குடுத்த மருந்தோட அளவு, அது ஒடம்புல கொறையிற வேகம், கொழந்தையோட வயசு எல்லாம் பாத்துத்தாம்மா நாள் சொன்னேன். அதுக்கு மேல ஒதுங்குனதுல அவளுக்கு என்ன பிரயோஜனம்?"

அன்று வீட்டுக்கு வந்து கையை நீட்டினேன். யாழினி பானுவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அலறினாள்.

இப்போது எந்தச் சிகிச்சையானாலும் எவ்வளவு, எத்தனை நாள் என்று கேட்டுக்கொள்கிறேன். சந்தேகம் வந்தால் நானாக எதையும் கூட்டுவதில்லை, டாக்டரிடமே கேட்கிறேன். யாழினி இன்னும் பானுவிடம்தான் தூங்குகிறாள். அதே அறையில் கொஞ்சம் தள்ளிப் பாய் விரித்து நான் படுக்கிறேன்.