அழிக்க எது சுகம்?

குறிகட்டுவானிலிருந்து நயினாதீவுக்குப் போகும் படகில் அவரைச் சந்தித்தேன். அறுபது வயதிருக்கும். மடியில் புது மடிக்கணினி. வாங்கில் இடமிருந்தும் ஓரத்தில் ஒடுங்கியிருந்து, பலகையைச் சாணால் அளந்துகொண்டே வந்தார்.

நான் வீட்டுப் படம் கீறிக் கொடுப்பவன் என்று பேச்சில் தெரிந்ததும், “தம்பி, கொம்பியூட்டரிலை படம் கீற முதல் எதைப் பழகிறது? ஓட்டோகாட்டோ, ஸ்கெச்அப்போ?” என்று கேட்டார்.

“என்ன கீறப் போறியள்?”

“கீற இல்லை, அழிக்க. வீட்டிலை இப்ப நான் மட்டுந்தான். பிள்ளையளின்ரை அறையளை இடிச்சுப்போட்டு, ஒரு அறையும் குசினியுமாக் குறைக்கப் போறன். சுவர் அழிக்க எது சுகம்?”

எனக்குச் சிரிப்பு வந்தது. “எதெண்டாலும் முதல் இருக்கிற வீட்டை முழுசாக் கீறவேணும். பிறகுதான் அழிக்கலாம்.”

அளந்த கை நின்றது. “எல்லாற்ரை அறையுமோ?”

“ஓம்.”

இறங்கும்போதுதான் கேட்டார்: “அப்ப தம்பி, கீறி முடிக்கக் கனநாள் எடுக்கிறது எது?”

எது கெதியில், குறைந்த நாளில் முடியும் என்றுதான் எல்லாரும் கேட்பார்கள். ஓட்டோகாட் என்றேன்.

இப்போது எந்தப் பிள்ளையின் அறையைக் கீறிக்கொண்டிருப்பார் என்று இடைக்கிடை நினைத்துக்கொள்வேன்.