உறவினருக்கு இடமில்லாத குழு

ரெங்கம் ஊரில் பிரேமலாவின் சாப்பாடு போகாத கல்யாணம் குறைவு. மண்டபத்தில் தட்டு கழுவத் தொடங்கியவள், பன்னிரண்டு வருடத்தில் பதினோரு பெண்களை வேலைக்கு வைத்து கேட்டரிங் நடத்துகிறாள். இன்றும் யாராவது "முதலாளி" என்று கூப்பிட்டால் பின்னால் திரும்பிப் பார்ப்பாள்.

செடெனாக்கில் புதிதாக வந்த டேட்டா சென்டர் ஒன்றில் கேன்டீன் நடத்தக் கூப்பிட்டார்கள். தினமும் அறுநூறு சாப்பாடு. திங்கட்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். எடுத்தால் தாங்குவோமா என்று பயம், விட்டால் காலமெல்லாம் கல்யாண ரசம்தான் என்று இன்னொரு பயம். கணவர் சோமுவைக் கேட்டாள்.

"உன் இஷ்டம்லா," என்றார். அந்த மனிதர் கிரிக்கெட்டுக்கு மட்டும்தான் கருத்துச் சொல்வார்.

ஆகவே, தொழில் நடத்துகிறவர்கள் ஒருவருக்கொருவர் ஆலோசனை சொல்லும் குழு ஒன்றில் சேரக் கிளம்பினாள். முதல் குழுவில் கோல்ஃப் ஆடத் தெரிய வேண்டுமாம். இரண்டாவதில் தலைவர், துணைத்தலைவர், துணைத்தலைவரின் மைத்துனர் எல்லாருக்கும் பொன்னாடை போர்த்தி முடிப்பதற்குள் மண்டபத்தைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். மூன்றாவது, கூலாயில் காளிதாஸ் நடத்துவது. அவர் இதற்கென்றே இரண்டு நாள் பயிற்சி எடுத்தவர். ஒரே ஒரு விதி: உறுப்பினர்கள் சொந்தக்காரர்களாக இருக்கக் கூடாது.

"சொந்தக்காரங்க உண்மை சொல்ல மாட்டாங்க," என்றார். பிரேமலா அங்கேயே சேர்ந்துவிட்டாள்.

சனிக்கிழமை காலை ஐந்து பேர் கூடினார்கள். பிரேமலா தன் கேள்வியைப் படித்தாள். டயர் கடை சபாபதி, "நல்ல வாய்ப்பு," என்றார். தையல் கடை வெள்ளையம்மா, "தாராளமா எடுத்துக்குங்க," என்றார். லோரி கம்பெனி மதிவாணன் கைதட்டினார். பிரேமலாவுக்கு அழுகை வந்தது. கைதட்டல் வாங்கவா ரெங்கத்திலிருந்து வந்தாள்?

பிறகு தேநீர் வந்தது. கப்பைக் கையில் வாங்கியதும் நம் ஆட்கள் கேட்கும் கேள்வியைச் சபாபதி கேட்டார்.

"தம்பி, உங்களுக்குப் பூர்வீகம் எந்த எஸ்டேட்டு?"

"பெக்கோக் பக்கம்," என்றார் மதிவாணன்.

"அங்க கங்காணி முனியாண்டியைத் தெரியுமா?"

"எங்கம்மாவோட தாய்மாமன்."

"அலமாக்," என்று வாயைப் பிளந்தார் சபாபதி. "அவரு மகளோட மகன் நான். அப்ப நீ எனக்கு மச்சான் முறைலா."

காளிதாஸ் விதிப் புத்தகத்தை எடுத்தார். மச்சான்கள் இருவரும் தேநீரோடு வெளியே போனார்கள். அவர் கதவைச் சாத்துவதற்குள் வெள்ளையம்மா பிரேமலாவின் பக்கம் திரும்பி, சோமுவின் பூர்வீகத்தையும் சித்தப்பா பெயரையும் கேட்டுவிட்டார்.

"அவரு சம்சாரம் என் பெரியம்மா மக. அப்படின்னா நான் உனக்கு மாமியார் முறை." வயதில் மூன்று வருடம்தான் மூத்தவர்.

அவர்களும் வெளியேற்றப்பட்டார்கள். காளிதாஸ் தனியாக உட்கார்ந்து அடுத்த அங்கத்துக்குப் போனார்.

நடைபாதையில் மாமியாருக்கு நாக்கு அவிழ்ந்தது. "அறுநூறு சாப்பாடு உன்னால முடியாது."

"இப்பதானே எடுத்துக்கச் சொன்னீங்க?"

"அது வெளியாளுக்குச் சொன்னது. உன்கிட்ட வேலை செய்யற யோகேஸ்வரி என்கிட்டதான் ஜாக்கெட் தைக்கிறா. பதினோரு பேர் இருந்தும் எந்தச் சட்டியிலயும் நீதான் உப்பு போடுவியாமே. காய்ச்சல்ல படுத்தப்பகூட கார்ல வந்து போட்டுட்டுப் போனியாம். செடெனாக்குலயும் ரெங்கத்துலயும் ஒரே நேரத்துல எப்படிப் போடுவே?"

பிரேமலாவுக்குச் சுருக்கென்றது. கோபமும் வந்தது. சபாபதி வேறு பக்கம் பார்த்து வடையைக் கடித்தார்.

யோகேஸ்வரியைக் கைப்பேசியில் கூப்பிட்டாள். "மத்தியானக் கல்யாணத்துக்கு சாம்பார் கொதிச்சிருச்சா? நீயே உப்பு போட்டுரு."

"அக்கா, ஆஸ்பத்திரியில இருக்கீங்களா?" என்றாள் யோகேஸ்வரி.

"இல்ல. நல்லாத்தான் இருக்கேன்."

"எத்தனை கை போடணும்?"

பிரேமலா அளவைச் சொல்ல வாயெடுத்தாள். மாமியார் முறைத்தார்.

"நீயே ருசி பார்த்துக்க," என்று சொல்லி வைத்துவிட்டாள்.